செரிமானம் எரிப்பதும் அன்று, அழுகுவதும் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், உடல்நலப் பகுதியில், செரிமானம் குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் வயிற்றில் எரிந்துகொண்டிருக்கும் நெருப்பு அணைந்துவிடும் என்றும், அணைந்த வயிற்றில் சோறும் மீனும் வேகாமல் கிடந்து அழுகும் என்றும், வயிற்றுப்போக்கு என்பது அந்த அழுகலை உடல் தானே வெளியேற்றும் முயற்சி ஆதலால் அது நிற்கும் வரை குழந்தைகளுக்குக்கூட ஆகாரமோ தண்ணீரோ கொடுக்காமல் வயிற்றைக் காயப்போட வேண்டும் என்றும் அக்கட்டுரை கூறியிருந்தது. இவற்றுள் ஒன்றுகூட உண்மை இல்லை. முதல் இரண்டும் பிழையான கருத்துகள் என்று விட்டுவிடலாம். மூன்றாவது குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடியது.

நான் இடுக்கி மாவட்டம் பீருமேடு வட்டத்தில் தமிழ்வழி வகுப்புகளுக்கு 31 ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் தேயிலைத் தோட்டங்களில் தமிழ் நாளிதழை ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் படிப்பார்கள். உடல்நலக் குறிப்பு ஏதேனும் வந்தால், அதைக் கத்தரித்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அடுக்களைச் சுவரில் ஒட்டி வைப்பார்கள். இந்தக் கட்டுரையும் அப்படி ஒட்டப்பட்டது. அது வெளிவந்த சில நாட்களில், எனக்குத் தெரிந்த தோட்டத் தொழிலாளி ஒருவரின் இரண்டு வயதுப் பேத்திக்கு வயிற்றுப்போக்கு கண்டது. தாய் கொழுந்து எடுக்கப் போயிருந்தார். பார்த்துக்கொண்ட பாட்டி, பேப்பரில் போட்டிருக்கிறதே என்று நம்பி, ஒரு பகலும் ஓர் இரவும் கஞ்சித் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தார். மறுநாள் விடிவதற்குள் குழந்தையின் கண்கள் குழிந்துவிட்டன; அழுதால் கண்ணீர் வரவில்லை; வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே விரியாமல் மடிப்பாகவே நின்றது. ஜீப்பில் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றிய பிறகே குழந்தை தெளிந்தது. இப்போது நலமாக இருக்கிறது. அந்தப் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அச்சில் வந்ததை அவர் நம்பினார், அவ்வளவுதான்.

இந்தப் பிழைகள் மூன்றுக்கும் வேர் ஒன்றே என்று கருதுகிறேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி வளர்பவர்கள். மலையாளத்தில் செரிமானத்துக்குத் ‘தஹனம்’ என்று பெயர். தமிழில் தகனம் என்றால் பிணத்தை எரிப்பது. இரண்டு சொல்லையும் ஒருங்கே கேட்டு வளரும் பிள்ளை, வயிற்றுக்குள் அடுப்பு ஒன்று எரிவதாகவும், சாப்பிட்டது அதில் வெந்து சாம்பலாவதாகவும் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. நாமும் பசித்தீ என்கிறோம். உவமை என்ற அளவில் அது அழகான சொல்தான். ஆனால் அந்த உவமையை உடற்கூறாக எடுத்துக்கொண்டு, தீ என்றால் தண்ணீர் பட்டால் அணையும், அணைந்தால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும், கெட்டது வெளியே போனால் தடுக்கக் கூடாது என்று ஒன்றின்மேல் ஒன்றாக முடிவு கட்டிக்கொண்டே போனால், அது கடைசியில் ஒரு குழந்தையின் தொட்டிலில் வந்து நிற்கிறது.

செரிமானம் என்பது தண்ணீரைக் கொண்டு நறுக்குவது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளை நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோத்த சங்கிலி. புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. கொழுப்பு என்பது கிளிசராலுடன் பிணைந்த மூன்று கொழுப்பு அமிலங்கள். இந்தப் பெரிய மூலக்கூறுகள் குடற்சுவரைக் கடந்து இரத்தத்துக்குள் நுழைய முடியாதவை. ஆகவே கண்ணிகளைக் கழற்றி அவற்றைச் சிறு துண்டுகளாக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியும் அறும்போது ஒரு நீர் மூலக்கூறு அங்கே செலவாகிறது. அந்த இடத்தில் நீரைக் கொண்டுவந்து பிணைப்பை அறுக்கும் கத்தரிக்கோல்களே நொதிகள். பாடநூல் இதை நீராற்பகுத்தல் என்கிறது. பெயரிலேயே நீர் இருக்கிறது. ‘எரிதல்’ என்ற சொல்லுக்கு ஓரளவு பொருந்தக்கூடிய செயலும் உடலில் நடக்கவே செய்கிறது. குளுக்கோஸ் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஆற்றல் வெளிப்படும் உயிரணுச் சுவாசம் அது. ஆனால் அது நடப்பது உடலின் உயிரணுக்களுக்குள். இரைப்பைக்கு உள்ளே அன்று.

எங்கள் மலையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த கப்பையையும் மத்திக் குழம்பையும் எடுத்துக்கொள்கிறேன். (1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பயிரிட ஊக்குவித்த மரவள்ளிக்கிழங்கைத்தான் நாங்கள் கப்பை என்கிறோம்.) கப்பையில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. பச்சைக் கிழங்கின் மாவுமணிகளை நம் நொதிகள் எளிதில் பிளக்க முடியாது. வேகவைக்கும்போது மணிகள் நீரை உறிஞ்சி, வீங்கி, அவிழ்கின்றன. ஆகவே சமையலின் பங்கு வாய்க்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது. வயிறு எதையும் வேகவைப்பதில்லை. வாயில் பற்கள் கிழங்கை அரைக்க, உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் சங்கிலிகளை வெட்டத் தொடங்குகிறது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற பழமொழியில் கணக்கு சற்று மிகையாக இருக்கலாம், ஆனால் காரணம் சரியானது: துண்டு சிறிதானால் நொதி தொடும் பரப்பு கூடுகிறது.

இதை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். இரண்டு சோதனைக்குழாய்களில் நீர்த்த கஞ்சித் தெளிவை எடுத்து, ஒன்றில் உமிழ்நீரும் மற்றொன்றில் கொதிக்கவைத்து ஆறிய உமிழ்நீரும் கலக்க வேண்டும். நொதி நன்றாக வேலை செய்ய உடலின் வெப்பம் வேண்டும். மார்கழியில் எங்கள் வகுப்பறையில் அந்த வெப்பத்துக்கு எங்கே போவது? பிள்ளைகள் குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கால் மணி நேரம் கழித்து அயோடின் ஒரு சொட்டு விட்டால், கொதிக்கவைத்த உமிழ்நீர் கலந்தது கருநீலமாகும், மற்றது நீலமாகாது. அதில் மாவுச்சத்து தீர்ந்து மால்டோஸ் சர்க்கரை ஆகிவிட்டது. அங்கே நெருப்பும் இல்லை, அழுகலும் இல்லை. ஒரு சிறுமியின் எச்சிலும் அவள் உடல் சூடும் மட்டுமே.

விழுங்கிய கவளம் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாயின் அலை இயக்கத்தால் இரைப்பைக்கு இறங்குகிறது. இரைப்பை பெரும்பாலும் ஒரு சேமிப்புக் கிடங்கு. கூடவே பிசையும் ஆட்டுக்கல். அது சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மீனின் புரதச் சுருள்களை அவிழ்க்கிறது. பெப்சின் என்னும் நொதி அவற்றைப் பெரிய துண்டுகளாக அறுக்கிறது. அமிலத்தின் வேறொரு முக்கியமான வேலை, உணவோடு வந்த கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்வது. அழுகல் என்பது கிருமிகளின் வேலை. அவை பிழைக்கவே திணறும் அமிலக் குளத்தில் உணவு அழுகுவது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகிறது. செரிமானம் ஒருவகை அழுகலே என்று ஐரோப்பாவிலும் பலர் நம்பிய காலத்தில், பிரான்ஸின் ரெயோமூர் 1752-இல் ஒரு பருந்தைக் கொண்டு சோதித்தார். செரிக்க முடியாததைக் கக்கிவிடும் பழக்கம் பருந்துக்கு உண்டு. இரு முனையிலும் கம்பிவலை கட்டிய உலோகக் குழாயில் இறைச்சியை வைத்து விழுங்கச் செய்தார். பருந்து கக்கிய குழாயில் இறைச்சி கரைந்திருந்தது, அழுகிய நாற்றம் இல்லை. இத்தாலியின் ஸ்பல்லன்சானி இன்னும் முன்னே சென்றார். சிறு துணிப்பைகளில் ரொட்டியும் இறைச்சியும் தைத்துத் தாமே விழுங்கிப் பார்த்தார். பறவைகளின் இரைப்பை நீரை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் இறைச்சியோடு சேர்த்து, உடல் சூடு கிடைக்கட்டும் என்று அக்குளில் இடுக்கி வைத்திருந்தார். இரைப்பை நீரில் கிடந்த இறைச்சி கரைந்தது; வெறும் தண்ணீரில் கிடந்தது நாறியது. 1780-இல் அவர் இதை வெளியிட்டார். இரைப்பை நீர் அழுகலைத் தடுக்கிறது என்பதே அவர் கண்டது. பீருமேட்டுப் பிள்ளைகள் அக்குளில் வைத்த குழாயும் அந்த வரிசையில் வந்ததுதான் என்று நான் வகுப்பில் சொல்லும்போது, பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

கனமான உணவு இரைப்பையில் நாள்கணக்கில் கிடக்கும் என்பதும் உண்மையன்று. 1822-இல் வட அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டு பட்டு வயிற்றில் ஆறாத துளையோடு பிழைத்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் இரைப்பைக்குள் உணவைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்த மருத்துவர் வில்லியம் போமான்ட், 1833-இல் தம் குறிப்புகளை வெளியிட்டார். வேகவைத்த அரிசிச் சோற்றுக்கு 1 மணி நேரமும், சுட்ட பன்றி இறைச்சிக்கு 5 மணி 15 நிமிடமும் அதில் பதிவாகியிருக்கின்றன.

தண்ணீர் அமிலத்தை நீர்த்துப்போகச் செய்யாதா என்று கட்டுரையாளர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவையில் ஓர் எண் மாறினால் அமிலச் செறிவு 10 மடங்கு மாறியது என்று பொருள். பிஎச் 2 உள்ள ஒரு குவளை நீர்மத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் அது 2.3 ஆகும், அதற்கு மேல் இல்லை. அந்தச் சிறு மாற்றத்தையும் இரைப்பை மேலும் அமிலம் சுரந்து ஈடுசெய்துகொள்கிறது. குடித்த நீரும் திட உணவுக்காகக் காத்திராமல் விரைவாகச் சிறுகுடலுக்குப் போய்விடுகிறது. நெஞ்செரிச்சல் உள்ள சிலருக்கு வயிறு முட்டக் குடிப்பது தொல்லை தரும்; அது வேறு செய்தி.

இவ்வளவு சொன்ன பிறகும், செரிமானத்தின் பெரும்பகுதியை நான் இன்னும் தொடவில்லை. அது நடக்கும் இடம் சிறுகுடல். தமிழில் எல்லாவற்றையும் ‘வயிறு’ என்ற ஒரே சொல்லால் சொல்லிப் பழகியதால், இரைப்பைக்கே எல்லாப் பெருமையும் போய்ச் சேர்கிறது. கூழான உணவு இரைப்பையிலிருந்து சிறிது சிறிதாக முன்சிறுகுடலுக்குள் இறங்கியதும், அதன் புளிப்பு பட்டுக் குடற்சுவரிலிருந்து செக்ரிட்டின் என்னும் பொருள் இரத்தத்தில் கலந்து கணையத்துக்குச் செய்தி சொல்கிறது. 1902-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் இதைக் கண்டறிந்தனர். ஹார்மோன் என்ற சொல்லே இந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாக வழக்குக்கு வந்தது. கணையநீரில் உள்ள பைகார்பனேட் என்னும் காரப்பொருள் அந்த அமிலத்தை முறிக்கிறது. அதிலுள்ள அமைலேஸ் கப்பையின் மிச்ச மாவையும், டிரிப்சின் முதலியவை மீன் புரதத்தையும், லைப்பேஸ் மத்தியின் எண்ணெயையும் வெட்டுகின்றன. எண்ணெய் நீரோடு கலவாதது; மீன்சட்டியைக் கழுவும்போது சோப்பு செய்யும் வேலையை இங்கே கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர் செய்து, எண்ணெயை நுண்துளிகளாக உடைத்துத் தருகிறது. கடைசி வெட்டு குடற்சுவரின் மேற்பரப்பிலேயே பொருந்தியிருக்கும் நொதிகளால் நடக்கிறது: மால்டோஸ் இரண்டு குளுக்கோஸ் ஆகிறது, ஆன கணமே உறிஞ்சப்படுகிறது.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழும். சுமார் 6 மீட்டர் நீளக் குழாய். உட்புறம் மடிப்பு, மடிப்பின் மேல் விரல் போன்ற குடலுறிஞ்சிகள், அவற்றின் ஒவ்வோர் உயிரணுவின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நுண்விரல்கள். எல்லாவற்றையும் விரித்தால் ஏறத்தாழ 30 சதுர மீட்டர், அதாவது எங்கள் பையன்கள் சாயங்காலம் ஷட்டில் ஆடும் களத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பரப்பின் உயிரணுக்கள் 3 முதல் 5 நாட்களுக்குள் உதிர்ந்து புதியவை வந்துவிடுகின்றன. சர்க்கரையும் அமினோ அமிலமும் இரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு நிணநீர் வழியாகச் சுற்றிவந்து இரத்தத்தில் சேர்கிறது.

இங்கேதான் அந்தக் குழந்தையின் செய்தி வருகிறது. நாம் ஒரு நாளில் உண்பதிலும் குடிப்பதிலும் உள்ள நீர் சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடல் தானே குடலுக்குள் ஊற்றும் நீர் சுமார் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் மலத்தோடு வெளியேறுவது ஒரு குவளைக்கும் குறைவு. மற்றதெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. வயிற்றுப்போக்கில் இந்தத் திரும்பப்பெறும் வேலை தடைப்படுகிறது அல்லது சுரப்பு அளவுமீறுகிறது. வெளியே போவது அழுகல் அன்று, உடலின் சொந்த நீரும் உப்பும். வாய்வழி ஒன்றும் கொடுக்காமல் இருந்தால் குடல் ஓய்வெடுப்பதில்லை; குழந்தை வற்றிப்போகிறது.

சிறுகுடலின் உயிரணுக்களில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் வாயில் ஒன்று உண்டு. 1960-இல் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் இந்தக் கருத்தை முன்வைத்தார். இரண்டும் உள்ளே போனால் நீர் பின்னாலேயே போகும். காலரா போன்ற கடுமையான போக்கிலும் இந்த வாயில் பெரும்பாலும் பழுதடைவதில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவி, ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஓ.ஆர்.எஸ். என்னும் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசல் உலகமெங்கும் பரவ அது பெரும் காரணமாயிற்று. 2022-இல் அவர் மறைந்தார். 2023-இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. உப்புப் போட்ட கஞ்சியும் அதே வாயிலைத்தான் தட்டுகிறது. அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக நறுக்கப்பட்டு, உப்பின் சோடியத்தைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போகிறது. அந்தப் பாட்டி தம் தாயிடம் கற்றிருந்த வைத்தியம் அது. அச்சில் வந்த ஒரு கட்டுரை அதை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டது.

பெருங்குடலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் கட்டுரையாளரின் ‘அழுகல்’ அங்கிருந்து வந்திருக்கலாம். நம் நொதிகளால் நறுக்க முடியாத நார்ப்பொருளும், பயறிலும் கடலையிலும் உள்ள சில சர்க்கரைகளும் அங்கே வாழும் பாக்டீரியாக்களுக்கு உணவாகிப் புளிக்கின்றன. கேரளப் பள்ளிகளில் கஞ்சியும் பயறும் போட்ட காலத்தில் பிற்பகல் வகுப்புகளில் இதன் வாயு வெளிப்பட்டதை எல்லா ஆசிரியரும் அறிவோம். அது நோய் அன்று. புளிப்பில் உண்டாகும் சிறு கொழுப்பு அமிலங்கள் பெருங்குடற்சுவரின் உயிரணுக்களுக்கே உணவு.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஆகாரத்தை நிறுத்தக் கூடாது என்றும், தாய்ப்பாலைத் தொடர வேண்டும் என்றும், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும் என்றும், பொட்டலம் கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் நீரில் 6 சிறு கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கலாம் என்றும், துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொன்னபடி 14 நாள் கொடுக்க வேண்டும் என்றும், கண் குழிந்தாலோ, குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும். இங்கே ஜூன் பிறந்தால் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். ஓடைத் தண்ணீர் கலங்கும். வயிற்றுப்போக்கு கூடும் காலம் அது. அதற்கு முன் வெளிவந்தால், லயத்து அடுக்களைச் சுவர்களில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் துண்டின் மேல் இதை ஒட்டச் சொல்லி வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொள்ள நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.